கல்கத்தாவில் மலை ஏது?

லேக் கார்டன்ஸ், கல்கத்தா
27 ஏப்ரல் 1998

அண்ணா,

நலம், நலமறிய அவா என்றெல்லாம் ஆரம்பிக்க எனக்கு இப்போது பொறுமை இல்லை. அம்மா நன்றாக இருக்கிறாள். முழங்கால் வலி அப்படியே. உன்னை விசாரித்தாள். இனி விஷயத்துக்கு வருகிறேன்.

நீ கையெழுத்துப் போட்டு அனுப்பின சர்டிஃபிகேட் வந்து சேர்ந்தது. ஹூக்ளியில் ஓடுகிற லாஞ்சுகளுக்காக எங்கள் கம்பெனி வாங்கப்போகிற வயர்லெஸ் செட், பெங்களூரில் உன் லேபில் எல்லாப் பரீட்சையிலும் பாஸ். எங்கள் மேனேஜர் மித்ரா சார் அதை ஆபீஸ் முழுக்கக் காட்டினார். "பார் ஷியாமளா, உன் அண்ணாவே எழுதிக் கொடுத்துவிட்டார், இனிமேல் என்ன பயம்?" என்றார். நானும் ஈயென்று இளித்துக்கொண்டு நின்றேன்.

அந்த வாரமே ஒரு சாயங்காலம் கால்பைசாகிப் புயல் அடித்தது. வானம் கறுத்துப் புழுதியோடு காற்று வரும் அழகை உனக்கு நான் வர்ணிக்க வேண்டியதில்லை. பாபுகாட் படித்துறையிலிருந்து ஹவுரா கரைக்குப் பயணிகளை ஏற்றிப் போகிற லாஞ்சில் அந்த செட்டைப் பொருத்திச் சோதனை ஓட்டம் நடந்துகொண்டிருந்தது. நானும் அதில் இருந்தேன். நடு ஆற்றைத் தாண்டினதும் எஞ்சின் நின்றுவிட்டது. லாஞ்சை ஓட்டுகிற சாரெங் ஆபத்துப் பொத்தானை அழுத்தினார், அழுத்தினார், அழுத்திக்கொண்டே இருந்தார். ஸ்டிராண்ட் ரோடு மாடியில் இருக்கிற எங்கள் ஸ்டேஷனுக்கு ஒரு எழுத்துகூடப் போய்ச் சேரவில்லை. தண்ணீர் எங்களை இழுத்துக்கொண்டு போனது. முன்னே பின்னே தெரியாத ஒருத்தி தன் குழந்தையை என் மடியில் திணித்துவிட்டுக் காளியைக் கூப்பிட்டாள். கடைசியில் வேறு ஒரு லாஞ்ச் தற்செயலாகப் பார்த்துக் கயிறு போட்டதால் இந்தக் கடிதத்தை எழுதுகிறேன்.

இதில் எனக்குப் புரியாதது ஒன்று. சிக்னல் எவ்வளவு பலமாக இருக்கிறது என்று காட்டுகிற ஊசி முக்கால்வாசி ஏறித்தான் நின்றது. பலம் இருக்கிறது, செய்தி மட்டும் சுக்குநூறாகிறது.

ஜூலை பத்தாம் தேதி மீட்டிங். அதில் சரி என்று முடிவானால் நாற்பது லாஞ்சிலும் இதே செட்தான். தயவுசெய்து மறுபடியும் சோதனை செய்து பார்.

ஷியாமளா


பெங்களூர்
5 மே 1998

சிரஞ்சீவி ஷியாமளாவுக்கு ஆசீர்வாதம்.

கடிதம் படித்தேன். நீ தப்பித்தாய், அது போதும். அம்மாவிடம் இதைச் சொல்லியிருக்க மாட்டாய் என்று நம்புகிறேன்.

ஆனால் சர்டிஃபிகேட்டில் தப்பில்லை. என் எமுலேட்டர் பெட்டி என்ன செய்கிறது என்று உனக்குத் தெரியும், இருந்தாலும் மித்ராவுக்குப் படித்துக் காட்ட வசதியாக எழுதுகிறேன். வெளியே ரேடியோ அலை நேர்வழியில் மட்டும் வருவதில்லை. சுவரில் பட்டு, கட்டடத்தில் பட்டு, அதே செய்தி கொஞ்சம் கொஞ்சம் தாமதமாகப் பல எதிரொலிகளாக வந்து ஒன்றன்மேல் ஒன்று விழும். இந்தக் கூத்து அத்தனையையும் என் பெட்டி மேஜைமேலேயே நடத்திக் காட்டும். ஒரு பக்கம் அனுப்புகிற செட், மறுபக்கம் வாங்குகிற செட், நடுவில் பெட்டி. செட் தான் ஊருக்குள் இருப்பதாகவே நினைத்துக்கொள்ளும். திறந்தவெளி, கிராமம், நகரம், மலை என்று திருகில் நாலு நிலை உண்டு. உன் செட்டை முதல் மூன்றிலும் ஓட்டினேன். நகரத்தில் வைத்து ஒரு வாரம் ஓட்டினேன். ஒரு செய்திகூடத் தவறவில்லை.

மலையில் ஓட்டவில்லை. ரிப்போர்ட்டில் "பொருந்தாது" என்று எழுதியிருப்பதைப் பார்த்திருப்பாய். கல்கத்தாவில் மலை ஏது? இருபத்திரண்டு வயசு வரைக்கும் நான் சைக்கிள் ஓட்டின ஊர். டாக்குரியாவிலிருந்து பவானிபூர் வரைக்கும் நான் பார்த்த ஒரே மேடு, மெட்ரோவுக்குத் தோண்டிக் குவித்த மண். மலை இருந்தால் நீ காட்டு, நான் வந்து ஏறிப் பார்க்கிறேன்.

ஆன்டெனா கனெக்டரில் தண்ணீர் போயிருக்கும். கழற்றித் துடைத்துவிட்டுப் பார்.

அண்ணா


லேக் கார்டன்ஸ்
14 மே 1998

அண்ணா,

துடைத்தேன். கனெக்டரைத் துடைத்தேன், கேபிளையே மாற்றினேன், வேறு செட் வைத்தேன். ஆகாயத்தில் ஒரு பொட்டு மேகம் இல்லாத நாளாகப் பார்த்து ஆற்றில் போனேன். அதே இடம், அதே கதை. நடு ஆற்றைத் தாண்டி, ஹவுரா பக்கத்துப் படகு ஜெட்டியின் தகரக் கொட்டகை நமக்கும் ஸ்டிராண்ட் ரோடு மாடிக்கும் நடுவில் வந்து மறைக்கிறதே, அங்கே செய்தி செத்துவிடுகிறது. ஊசி மட்டும் ஜம்மென்று முக்கால்வாசியில் நிற்கிறது.

மித்ரா சாரிடம் சொன்னேன். "மெஷின் பொய் சொல்லுமா? உன் அண்ணா அவ்வளவு பெரிய லேபில் உட்கார்ந்து ஒரு வாரம் ஓட்டியிருக்கிறார். நீ லாஞ்சில் நின்று பொத்தானை அழுத்தியிருக்கிறாய். நான் யாரை நம்புவது?" என்று கேட்டார். மீட்டிங்கிலும் இப்படியே பிடிவாதம் பிடித்தால் என்னை நதி வேலையிலிருந்து எடுத்துவிட்டு ஸ்டோருக்கு அனுப்பப்போகிறாராம். பல்பும் பேட்டரியும் எண்ணிக்கொண்டு உட்காரலாமாம்.

சின்ன வயசிலிருந்து இதே பாட்டுத்தான். "அண்ணா சொன்னா சரியாத்தான் இருக்கும்." லேக் ஓரம் வழி தப்பிப் போனபோதுகூட நீ சொன்ன பக்கம்தானே எல்லோரும் நடந்தோம்? கஸ்பாவில் போய் நின்றோம். எனக்கு ஸ்டோர் பற்றிக் கவலை இல்லை. அந்தக் குழந்தையின் கை என் புடவைத் தலைப்பைப் பிடித்திருந்தது அண்ணா. அந்த லாஞ்சில் நான் இருந்தேன், நீ இல்லை. உன் பெட்டிக்குள் இருக்கிற கல்கத்தா எங்கள் கல்கத்தா இல்லை.

ஷியாமளா


பெங்களூர்
20 மே 1998

ஷியாமளாவுக்கு,

வழி தப்பின கதையை இன்னும் எத்தனை வருஷம் சொல்லிக்காட்டுவாய்?

ஐந்து வருஷம் இந்தப் பெட்டிக்குள் தலையை விட்டுக்கொண்டு கிடந்திருக்கிறேன். ஜூன் கடைசியில் டெல்லியிலிருந்து ஆட்கள் பார்க்க வருகிறார்கள். இந்தச் சமயத்தில் சொந்தத் தங்கையே பெட்டி தப்பு என்று எழுதினாள் என்று வெளியே தெரிந்தால் என் மூஞ்சியை எங்கே வைத்துக்கொள்வது? லேபில் ஓடுவது ஆற்றில் ஓடவில்லை என்றால், ஆற்றில் நீ என்ன செய்கிறாய் என்று பார். சும்மா என் பெட்டியைக் குறை சொல்லாதே.

இனிமேல் இந்த விஷயமாக ஆபீஸ் மூலமாக எழுது.

பத்மநாபன்


லேக் கார்டன்ஸ், கல்கத்தா
2 ஜூன் 1998

மதிப்பிற்குரிய பத்மநாபன் ஐயா அவர்களுக்கு,

ஆபீஸ் மூலமாக எழுதச் சொன்னீர்கள். ஆபீஸில் என் கடிதத்தை டைப் அடிக்க ஆளில்லை. ஆகவே நேராகவே எழுதுகிறேன், மன்னிக்கவும்.

ஐயா, அந்த ஜெட்டிக்கு அருகிலேயே, ராமகிருஷ்ணபூர் படித்துறைப் பக்கம் ஆற்றைப் பார்த்த மாதிரி இருக்கிற வீட்டில் நாகலட்சுமி மாமியைத் தங்களுக்கு ஞாபகம் இருக்கும். தாங்கள் அவர்கள் வீட்டு ஊறுகாய் ஜாடியை உடைத்திருக்கிறீர்கள். ஞாயிற்றுக்கிழமை அம்மா அடை மாவு கொடுத்தனுப்பினாள் என்று அங்கே போனேன். மாமி டிவியைப் போட்டுவிட்டு ஒரே புலம்பல். "எத்தனை தடவைடி ஆன்டெனாவைத் திருப்பறது? நியூஸ் வாசிக்கறவ பக்கத்துலயே இன்னொருத்தி ஆவி மாதிரி உக்காந்துண்டிருக்கா. பத்து வருஷமா இதே கதிதான்."

பார்த்தேன். வாசிக்கிறவளுக்கு வலப்பக்கம், சாம்பல் நிறத்தில், அவளே இன்னொரு தடவை இருக்கிறாள். இவள் வாயைத் திறந்தால் அவளும் திறக்கிறாள்.

போதும் இந்த ஐயா, எனக்கு மூச்சு முட்டுகிறது. அண்ணா, எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துவிட்டது! மாமியிடம் ஸ்கேல் கேட்டேன். "டிவியை அளந்து விக்கப் போறியாடி?" என்றாள். திரை அகலம் நாற்பது சென்டிமீட்டர். ஆவி ஒன்பது சென்டிமீட்டருக்குக் கொஞ்சம் மேலே தள்ளி இருக்கிறது. படத்தை வரைகிற ஒரு கோடு திரையின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வர ஐம்பத்திரண்டு மைக்ரோ செகண்ட். அப்படியானால் ஆவி வருவது பன்னிரண்டு மைக்ரோ செகண்ட் தாமதமாக. அதற்குள் ரேடியோ அலை மூன்றரை கிலோமீட்டருக்குமேல் ஓடிவிடும். போவதற்குப் பாதி, வருவதற்குப் பாதி. டிவி கோபுரம் தெற்கே கோல்ஃப் கிரீனில். அலை மாமி வீட்டைத் தாண்டி வடக்கே ஒன்றே முக்கால் கிலோமீட்டருக்குச் சற்று மேலே போய், எதிலோ முட்டி, திரும்பி வருகிறது.

பால்கனிக்குப் போய் வடக்கே பார்த்தேன். எதில் முட்டுகிறது என்று விரலை நீட்டிக் காட்டவே வேண்டாம். ஹவுரா பாலம் அண்ணா. கரைக்குக் கரை இரும்பு.

உன் ரிப்போர்ட்டை எடுத்து வைத்துக்கொண்டேன். "நகரம்" நிலையில் கடைசி எதிரொலி ஐந்து மைக்ரோ செகண்டில் முடிந்துவிடுகிறது. அதற்குமேல் தாமதமாக எதிரொலி வருகிற நிலை ஒன்றே ஒன்றுதான். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கத்து மலையில் பட்டுத் திரும்பி வருமே, அது. நேர் சிக்னலை ஜெட்டிக் கொட்டகை மறைக்கிற இடத்தில் பாலத்தின் எதிரொலிதான் பலமாக வருகிறது. அதனால்தான் ஊசி ஏறி நிற்கிறது, ஒரு எழுத்தின் எதிரொலி அடுத்த எழுத்தின்மேல் விழுந்து செய்தி உடைகிறது.

மலை காட்டு என்றாயே. காட்டிவிட்டேன். திருகை மலையில் வைத்துப் பார்.

ஷியாமளா

பி.கு.: அம்மா சொல்கிறாள்: "ஒரு பொட்டிக்காக அண்ணாவும் தங்கையும் மூஞ்சியைத் தூக்கி வச்சுண்டிருக்கறது நன்னாவா இருக்கு?"


பெங்களூர்
9 ஜூன் 1998

அடி ஷியாமளா,

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். உன் மூக்கை உடைக்க வேண்டும் என்றுதான் திருகை மலையில் வைத்தேன். மாமி வீட்டு டிவியை ஸ்கேலால் அளந்தாளாம், அதை நான் நம்ப வேண்டுமாம் என்று லேபில் எல்லோரிடமும் சொல்லிச் சிரித்துவிட்டுத்தான் வைத்தேன்.

ஊசி முக்கால்வாசி ஏறி நின்றது. செய்தி ஒன்றுகூட வரவில்லை.

நான் கேபிளைப் பிடுங்கி மாட்டினேன். வேறு செட் வைத்தேன். கனெக்டரைத் துடைத்தேன், சிரிக்காதே. மறுபடியும் ஊசி முக்கால்வாசி, செய்தி பூஜ்யம். நீ ஏப்ரலில் எழுதின அதே வரி என் கண்முன்னால் மேஜைமேல் நடக்கிறது. என் பெட்டிக்குள் ஹூக்ளி ஓடுகிறது ஷியாமளா! கத்திவிட்டேன். பக்கத்து அறையிலிருந்து ஆள் ஓடிவந்து ஷாக் அடித்துவிட்டதா என்று கேட்டான்.

பெட்டி பொய் சொல்லவில்லை. நான்தான் அதனிடம் கேட்க வேண்டியதைக் கேட்கவில்லை. வேறு ஊர்க்காரன் யாராவது இருந்தால் எதற்கு வம்பு என்று நாலு நிலையையும் ஓட்டியிருப்பான். எனக்குத் தெரியாத கல்கத்தாவா என்கிற திமிர் எனக்கு. மித்ராவுக்கு இன்றைக்கே எழுதிவிட்டேன், சர்டிஃபிகேட்டைத் திரும்பப் பெறுகிறேன் என்று. இனிமேல் யாரும் உன்னைக் கேள்வி கேட்க மாட்டார்கள். ஜெயித்துவிட்டாய், போ!

அண்ணா


லேக் கார்டன்ஸ்
15 ஜூன் 1998

அன்புள்ள அண்ணா,

ஆபீஸ் மேஜையில் வைத்து உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். அழுகையும் வந்தது, சிரிப்பும் வந்தது. கனெக்டர் துடைத்தாயா! வீட்டுக்கு வந்து அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். லாஞ்சை ஆறு இழுத்துக்கொண்டு போன கதையை மட்டும் விழுங்கிவிட்டேன்.

ஆனால் ஜெயிக்கவில்லை. மித்ரா சார் உன் கடிதத்தைப் பார்த்துவிட்டு என்ன சொன்னார் தெரியுமா? "ஏப்ரலில் அண்ணா பாஸ் என்றார். தங்கை அழுதாள். இந்த மாதம் ஃபெயில் என்கிறார். ஒரு திருகை எங்கே வேண்டுமானாலும் திருப்பி என்ன வேண்டுமானாலும் வரவழைக்கலாம் போலிருக்கிறதே. வீட்டுக்குள்ளே பேசிவைத்துக்கொண்டு என்னிடம் கதை விடுகிறீர்களா?"

எனக்கு வந்த கோபத்துக்கு அளவே இல்லை. வீட்டுக்கு வந்து பாத்திரங்களை எல்லாம் டமார் டமார் என்று வைத்தேன். பிறகு யோசித்தால், மனுஷன் சொல்வதில் பாதி நியாயம் இருக்கிறது. ஒரு செட் ஆற்றில் செத்தது, அது சாகிற மாதிரி நீ திருகைத் திருப்பினாய். விடை தெரிந்தபிறகு கணக்குப் போட்டால் எல்லோருக்கும்தான் விடை வரும். பெட்டி நிஜமாகவே நம் ஆற்றைப் போல நடக்கிறதா என்று விடை தெரியாமல் பார்க்க வேண்டும்.

ஆகவே இப்படிச் செய்வோம். ஐந்து வெவ்வேறு கம்பெனி செட்டுகள் வரவழைத்திருக்கிறேன், ஒவ்வொன்றிலும் இரண்டு; வாங்கப்போகிற செட்டும் அதில் ஒன்று. எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி தகர உறை போட்டு, ஒன்றிலிருந்து ஐந்து வரை பெயின்டில் நம்பர் போட்டாகிவிட்டது. ஒரு வரிசை உனக்கு வருகிறது, ஒரு வரிசை எனக்கு. எது எந்தக் கம்பெனி என்று உனக்குச் சொல்ல மாட்டேன். மாடியிலிருந்து ஒரு சின்னத் துடிப்பை அனுப்பி, லாஞ்சில் ஆசிலோஸ்கோப் வைத்து, எந்த இடத்தில் எந்த எதிரொலி எவ்வளவு தாமதமாக, எவ்வளவு பலமாக வருகிறது என்று அதன் திரையைப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். உன் மலையைத் தூக்கி எறிந்துவிட்டு இந்த எதிரொலிகளை அப்படியே பெட்டியில் ஏற்று. செட்டுகள் ஆற்றில் எப்படி நடந்தன என்று மட்டும் மூச்சு விட மாட்டேன். ஐந்தையும் மோசத்திலிருந்து நல்லது வரை வரிசைப்படுத்து. நானும் செய்கிறேன். ஜூலை மூன்றாம் தேதி இருவரும் ஒரே நாளில் தபாலில் போடுவோம், ஆளுக்கு ஒரு நகல் இங்கிலீஷில் மித்ரா சாருக்கு. அதுவரை போன் கூடாது. அம்மாவுடன் பேசினாலும் என்னைக் கூப்பிடாதே.

பொருந்தினால் ஜெயம். பொருந்தாவிட்டால் நான் பல்பு எண்ணப் போகிறேன், அந்த செட் நாற்பது லாஞ்சிலும் ஏறும்.

ஷியாமளா


பெங்களூர்
23 ஜூன் 1998

சிரஞ்சீவி ஷியாமளாவுக்கு,

தகர டப்பாக்கள் வந்தன. உன் எதிரொலிப் படங்களும் வந்தன. ஒரு படத்தின் ஓரத்தில் யாரோ ஒரு ஆளின் மூக்கு விழுந்திருக்கிறதே, யார் அது?

சம்மதம். ஆனால் பயமாக இருக்கிறது. விடை தெரியாமல் என் பெட்டியை நானே பரீட்சைக்கு உட்கார வைத்தது இல்லை. டெல்லிக்காரர்களை ஆகஸ்டுக்குத் தள்ளிப்போட்டுவிட்டேன். பொருந்தவில்லை என்றால் அவர்கள் வரவே வேண்டாம்.

சாப்பாடு இறங்க மாட்டேன் என்கிறது. நீ நன்றாகத் தூங்குகிறாய் என்று மட்டும் எழுதாதே.

அண்ணா


லேக் கார்டன்ஸ், கல்கத்தா
3 ஜூலை 1998

அண்ணா,

ஆற்றில் கண்டது இது. மோசத்திலிருந்து நல்லது வரை: மூன்று, ஐந்து, ஒன்று, நாலு, இரண்டு.

மூன்றாம் நம்பர் கொட்டகை மறைவில் சுத்தமாகச் செத்துவிடுகிறது. இரண்டாம் நம்பர் தங்கம், எந்த மூலையிலும் ஒரு செய்தி போகாமல் இருந்ததில்லை. ஒன்றாம் நம்பரில் ஒரு கிறுக்கு: மறைவைவிட்டு வெளியே வந்ததும் முதல் செய்தியை இரண்டு தடவை அனுப்புகிறது. ஏன் என்று எனக்குத் தெரியாது. கண்டதை எழுதுகிறேன்.

படத்தில் இருக்கிற மூக்கு ஒரு பயணியுடையது. உலகக் கோப்பை நடக்கிற நேரம். லாஞ்சில் ஏறுகிறவர்கள் எல்லாம் ஆசிலோஸ்கோப்பை எட்டிப் பார்த்து, "தீதி, ஸ்கோர் எத்தனை?" என்று கேட்டுவிட்டுத்தான் உட்காருகிறார்கள்.

இதோ, ஒட்டிவிட்டேன். போஸ்ட் ஆபீசுக்கு நடக்கப்போகிறேன்.

ஷியாமளா


பெங்களூர்
3 ஜூலை 1998

ஷியாமளா,

தபால் பெட்டியில் போட்டுவிட்டால் திருப்பி எடுக்க முடியாதே என்று இரண்டு நாளாக மறுபடி மறுபடி ஓட்டிப் பார்த்தேன். மாறவே இல்லை. ஆகவே எழுதுகிறேன், ஆண்டவன் விட்ட வழி.

மோசத்திலிருந்து நல்லது வரை: மூன்று, ஐந்து, ஒன்று, நாலு, இரண்டு.

ஒரு சங்கதி சொல்லாமல் இருக்க முடியவில்லை. இது என் பெட்டியின் கோளாறாகக்கூட இருக்கலாம். ஒன்றாம் நம்பர் செட், செத்துப் பிழைத்து எழுந்ததும், முதல் செய்தியை இரண்டு தடவை அனுப்புகிறது. ஆற்றில் இப்படி எதுவும் நீ பார்க்கவில்லை என்றால் நான் தொலைந்தேன்.

அண்ணா


லேக் கார்டன்ஸ், கல்கத்தா
11 ஜூலை 1998

அண்ணா, அண்ணா, அண்ணா!

உன் கடிதம் எட்டாம் தேதி வந்தது. வாசலில் நின்றே பிரித்தேன். ஐந்து நம்பரையும் படித்துவிட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துவிட்டேன். அம்மா பதறிக்கொண்டு வந்தாள். "யாருக்குடி என்ன ஆச்சு?" என்றாள். "ஒன்றாம் நம்பர் இரண்டு தடவை அனுப்புகிறதாம் அம்மா" என்று சொல்லி அவளைக் கட்டிக்கொண்டேன். அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. ஆனாலும் கேசரி கிளறினாள்.

நேற்று மீட்டிங். மித்ரா சார் இரண்டு உறையையும் பிரிக்காமலே வைத்திருந்தார். எல்லோருக்கும் முன்னால் கிழித்தார். முதலில் என்னுடையதைச் சத்தமாகப் படித்தார். அப்புறம் உன்னுடையது. மூன்று, ஐந்து, ஒன்று என்று வரும்போதே எல்லோரும் என் காகிதத்தை எட்டிப் பார்த்தார்கள். நம்பர்கள் முடிந்ததும் அவர் முகம் இன்னும் சந்தேகமாகத்தான் இருந்தது. அடுத்த வரிக்கு வந்தார், முதல் செய்தியை இரண்டு தடவை அனுப்புகிறது என்று. நிறுத்தினார். என் காகிதத்தை மறுபடி எடுத்துப் பார்த்தார். கண்ணாடியைக் கழற்றினார்.

"நம்பரைப் பேசிவைத்துக்கொள்ளலாம். இதை யாருக்குப் பேசிவைக்கத் தோன்றும்?" என்றார். பிறகு எழுந்து நின்று கையை நீட்டினார். "ஷியாமளா, நான் உன் லாஞ்சை நம்பியிருக்க வேண்டும்."

மூன்றாம் நம்பர்தான் அண்ணா, அவர்கள் வாங்க இருந்த செட். ஆர்டர் ரத்து! நாற்பது லாஞ்சிலும் இரண்டாம் நம்பர். எல்லாம் என் கையெழுத்தில் ஏறப்போகிறது. இனிமேல் எந்த செட் வந்தாலும் முதலில் உன் பெட்டியில் நம் ஆற்றின் எதிரொலியில் ஓட வேண்டும், பிறகுதான் தண்ணீரில் கால் வைக்க வேண்டும் என்று எழுதியே வைத்துவிட்டார்கள்.

கத்த வேண்டும் போல இருந்தது. பாபுகாட்டுக்குப் போய் ஒரு லாஞ்சில் ஏறி, பாலத்தைப் பார்த்துக்கொண்டே அந்தக் கரைக்குப் போய், அதே லாஞ்சில் திரும்பி வந்தேன்.

உன் தங்கை ஷியாமளா


பெங்களூர்
17 ஆகஸ்ட் 1998

சிரஞ்சீவி ஷியாமளாவுக்கு,

டெல்லிக்காரர்கள் வந்து போனார்கள். எத்தனை நிலை இருக்கிறது, எவ்வளவு வேகம் என்றெல்லாம் சொல்ல ஆரம்பித்தேன். கொட்டாவி விட்டார்கள். சட்டென்று எல்லாவற்றையும் மூடி வைத்துவிட்டு ஜூலை மூன்றாம் தேதி நீ எழுதின கடிதத்தையும் என் கடிதத்தின் நகலையும் மேஜைமேல் பக்கத்தில் பக்கத்தில் போட்டேன். தமிழ் தெரியாதே, நம்பர்களைக் காட்டி மொழிபெயர்த்துச் சொன்னேன். கொட்டாவி போன இடம் தெரியவில்லை. நாலு பெட்டி கேட்டிருக்கிறார்கள்! அவரவர் ஊரில் எதிரொலி எடுத்து அனுப்புகிறார்களாம்.

திருகில் ஐந்தாவதாக ஒரு நிலை செய்திருக்கிறேன். நகரம், மலைக்கு அடுத்தபடியாக. அதன்மேல் என்ன பெயர் பொறித்திருக்கிறேன் என்று இப்போது சொல்ல மாட்டேன்.

அண்ணா


லேக் கார்டன்ஸ், கல்கத்தா
25 ஆகஸ்ட் 1998

அன்புள்ள அண்ணா,

அமாவாசைக்கு மறுநாள் பான் வந்தது. கடலிலிருந்து அலை ஒரே சுவராக ஆற்றில் ஏறி வருமே, சின்ன வயசில் கரையில் நின்று கைதட்டுவோமே, அதுதான். எல்லா லாஞ்சும் முன்னாடியே நடு ஆற்றுக்குப் போய்விட வேண்டும். கரையோரம் மாட்டிக்கொண்டால் ஜெட்டியில் மோதி நொறுங்கிவிடும். ஒரு லாஞ்ச் ஹவுரா பக்கம் ஜனத்தை ஏற்றிக்கொண்டு கிளம்புகிற நேரத்தில் எஞ்சின் மக்கர் பண்ணிவிட்டது. எங்கே தெரியுமா? அதே கொட்டகை மறைவில்.

சாரெங் பொத்தானை அழுத்தினார். நான் ஸ்டிராண்ட் ரோடு மாடியில் இருந்தேன். ஒரே அழுத்து அண்ணா, என் எதிரே மணி அடித்தது. லாஞ்ச் நம்பர், இடம், எல்லாம் எழுத்து எழுத்தாக வந்து விழுந்தது. இழுவைப் படகு போய்க் கயிறு போட்டு நடு ஆற்றுக்குக் கொண்டுபோய் நிறுத்தின பிறகுதான் பான் வந்தது. லாஞ்ச் ஒரு ஆட்டம் ஆடிற்று, அவ்வளவுதான். ஜனங்கள் வாந்தி எடுத்துவிட்டு வீட்டுக்குப் போனார்கள்.

நான் மாடியில் நின்று தனியாகக் கைதட்டினேன். கீழே தெருவில் போகிறவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். பார்க்கட்டும்.

ஷியாமளா


பெங்களூர்
2 செப்டம்பர் 1998

ஷியாமளா,

உன் கடிதத்தை லேபில் எல்லோருக்கும் மொழிபெயர்த்துப் படித்துக் காட்டினேன். பாதிக்குமேல் படிக்க முடியவில்லை. மீதியை வேறு ஒருவனிடம் கொடுக்கலாமென்றால் அவனுக்குத் தமிழ் தெரியவில்லை. ஒரு டம்ளர் தண்ணீர் குடித்துவிட்டு நானே முடித்தேன்.

துர்கா பூஜைக்கு வருகிறேன். டிக்கெட் எடுத்தாகிவிட்டது. கையில் ஒரு பெட்டி வரும், ஐந்தாவது நிலையின் பெயரை நீயே பார்த்துக்கொள். கல்கத்தாவில் மலை இருந்தால் வந்து ஏறிப் பார்க்கிறேன் என்று சொன்னவன் நான். சொன்ன சொல் தவற மாட்டேன். மலைக்கு எப்படிப் போக வேண்டும், வழி எழுது. என் வழியை நம்பினால் கஸ்பாவில் போய்த்தான் நிற்பேன்.

அண்ணா


லேக் கார்டன்ஸ், கல்கத்தா
9 செப்டம்பர் 1998

அண்ணா,

அம்மா இப்போதே உனக்காக அப்பளம் காயப் போட ஆரம்பித்துவிட்டாள். மழை விட்டபாடில்லை, அவளும் விட்டபாடில்லை.

வழி கேட்டாய். டாக்சிக்காரனிடம் எதுவும் கேட்காதே. ஹவுராவில் ரயிலைவிட்டு இறங்கி, பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஸ்டேஷனுக்கு வெளியே வா. நிமிர்ந்து பார்.

அதுதான். நான் அதன் அடிவாரத்தில் நிற்கிறேன்.

ஷியாமளா